குளத்து அடையலில் பழங்காலநிலை: ஆர்க்டிக் ஏரி ஆய்வுமுறையை வன்னியில் கையாளும் வழி

மழைமானிப் பதிவுகளைக் கொண்டு ஒரு நிலத்தின் காலநிலையை அறிய முற்படுபவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் செல்வது அரிது. அதற்கு முந்திய காலத்தை அறிய, நீர்நிலைகளின் அடியில் ஆண்டுதோறும் படிந்துவந்த அடையல்களை நாட வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வுமுறை மிகத் தெளிவாக வளர்ந்த இடங்களில் ஒன்று வடதுருவத்தைச் சூழ்ந்த ஆர்க்டிக் பிரதேசமாகும். அலாஸ்கா, கனடாவின் வடதீவுகள், கிறீன்லாந்து, ஸ்வால்பார்ட், சைபீரியா ஆகிய இடங்களின் ஏரிகளில் எடுக்கப்பட்ட அடையல்கள் பல ஆயிரம் ஆண்டுகளின் வெப்பத்தையும் குளிரையும் சொல்லியிருக்கின்றன. அந்த முறையைப் படிப்படியாக விளக்குவதும், வட இலங்கையின் வன்னிப் பகுதிக் குளங்களிலும் களப்புகளிலும் அதைக் கையாள விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் எதை அப்படியே பின்பற்றலாம், எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வன்னிக்கு இது ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட வேண்டும். தெற்காசியாவின் பழைய மழைவீழ்ச்சி பற்றி அரபிக்கடல் அடையல்களும் இந்தியக் குகைகளின் சுண்ணாம்புப் படிவுகளும் தந்திருக்கும் செய்திகளில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றியது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் மகரந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அந்த உயரமான ஈர நிலத்தின் வரலாறும் நமது தாழ்நிலத்தின் வரலாறும் ஒன்றல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பகுதிகள் ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரையிலான வடகீழ்ப் பருவ மழையிலும் வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களிலும் தங்கியிருக்கின்றன. பெரும்போக நெற்செய்கையான காலபோகம் பிழைக்குமா என்பதை முடிவுசெய்வது அந்த மழைதான். அது கடந்த ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளில் எவ்வாறு கூடிக் குறைந்தது என்பதை வேறு நிலத்தின் சான்றிலிருந்து ஊகிப்பதைவிட, இந்த நிலத்தின் மண்ணிலேயே தேடுவது முறை.

ஆர்க்டிக் ஏரிகள் ஏன் நல்ல சாட்சிகள்

ஆர்க்டிக் ஏரியின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதி உறைந்திருக்கும். கோடையில் சில வாரங்கள் பனி உருகி ஓடும்போது வண்டலும் நுண்மணலும் ஏரிக்குள் வந்து படிகின்றன. குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியபின் காற்றும் அலையும் இல்லாத நீரில், மிதந்துகொண்டிருந்த மிக நுண்ணிய களித்துகள்கள் மெல்லக் கீழிறங்குகின்றன. இவ்வாறு வெளிறிய பருமனான படை ஒன்றும் கருமையான நுண்படை ஒன்றும் சேர்ந்து ஓர் ஆண்டைக் குறிக்கும். வார்வ் என்று அழைக்கப்படும் இந்த ஆண்டுப்படைகளை எண்ணிக் காலம் கணிக்கும் முறையைச் சுவீடன் நாட்டுப் புவியியலாளர் ஜெரார்ட் டி கேர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி வளர்த்தெடுத்தார். எல்லா ஆர்க்டிக் ஏரிகளிலும் ஆண்டுப்படை கிடைப்பதில்லை. நீரடியில் ஒட்சிசன் இருந்தால் புழுக்களும் குடம்பிகளும் சேற்றைக் கிளறிவிடும். ஆதலால் ஒட்சிசன் குன்றிய ஆழமான அடியும், போதிய அளவு வண்டல் வரத்தும் சேர்ந்து அமைந்த ஏரிகளிலேயே படைகள் கலையாமல் நிற்கின்றன.

வடகிழக்கு ரஷ்யாவின் சுக்கோட்காப் பகுதியிலுள்ள எல்கிகித்கின் ஏரி இந்தத் துறையின் மிகப் பெரிய சான்று. ஏறத்தாழ 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் வீழ்ந்த பள்ளத்தில் அமைந்த இந்த ஏரி ஏறக்குறைய 12 கிலோமீற்றர் அகலமும் 170 மீற்றர் ஆழமும் கொண்டது. பனியுகங்களிலும் பனியாறுகள் அதன்மீது ஊர்ந்து அடையலைச் சுரண்டவில்லை என்பதே அதன் தனிச்சிறப்பு. 2008-2009 குளிர்காலத்தில் ஏரியின் உறைந்த பரப்பையே மேடையாகக் கொண்டு துளையிட்ட பன்னாட்டுக் குழு 300 மீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள அடையலைக் கடந்து பள்ளத்தின் பாறை வரை சென்றது. 36 முதல் 34 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இன்று மரமே வளராத அந்நிலத்தில் காடுகள் இருந்தன என்பதும், கோடை வெப்பம் இன்றைவிட ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ் கூடியிருந்தது என்பதும் அதன் மகரந்தங்களிலிருந்து தெரியவந்தன.

வன்னிக் குளம் இவற்றுக்கு நேர்மாறானது. ஆழம் குறைவு, வெப்பம் அதிகம், வருடத்தில் சில மாதம் அடிமண் வெயிலில் வெடித்துக் கிடக்கும், எருமையும் மாடும் இறங்கி மிதிக்கும், கமக்காரர் தூர்வாரி ஆழப்படுத்துவர். ஆகவே இங்கே ஆண்டுப்படைகளை எதிர்பார்ப்பது வீண். பத்தாண்டு அல்லது நூற்றாண்டு அளவிலான மாற்றங்களையே எதிர்பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த, கனடாவின் எல்லெஸ்மியர் தீவின் ஏரியில் மாற்றம் தெரிந்தால் அதற்குக் காலநிலையே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். வன்னியில் குளக்கட்டை உயர்த்தியதும், காடு வெட்டிச் சேனை செய்ததும், ஊர் இடம்பெயர்ந்து குளம் கவனிப்பாரற்றுக் கிடந்ததும் மழையின் கூடுதல் குறைவும் ஒரே சேற்றில் கலந்து பதிந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவதுதான் வன்னி ஆய்வாளரின் தலையாய வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நோக்கில் தெரிவு செய்யப்பட்டது.

இடத்தைத் தெரிவு செய்தல்

ஒரு குளத்தைத் தெரிவு செய்யுமுன் அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் மிகப் பழமையானது என்றாலும், அதற்கு நீர் தேக்கம் அணைக்கட்டினூடாக அருவியாற்றிலிருந்து திருப்பப்படுகிறது. அந்த ஆறு அநுராதபுரப் பக்கமிருந்து வருவதால் அக்குளத்தின் வண்டல் வன்னி மழையை மட்டும் பேசாது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட இரணைமடு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியது. அதன் அடையல் ஒரு நூற்றாண்டுக் கதையை மட்டுமே தரும். வவுனிக்குளம் போன்றவை பண்டைக் காலத்தில் கட்டப்பட்டு, நெடுங்காலம் உடைந்து கிடந்து, பின்னர் புனரமைக்கப்பட்டவை. அங்கே இடையில் படிவு நின்றுபோன காலமும் உண்டு. எனது கருத்தில், தொடக்க ஆய்வுக்கு மிகப் பொருத்தமானது காட்டோரத்தில் தனித்து நிற்கும், சிறிய நீரேந்து பரப்புடைய, மேலே வேறு குளம் இல்லாத ஒரு பழைய கிராமக் குளம். மேலே இன்னொரு குளம் இருந்தால் வண்டலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும்.

குளத்தினுள் எந்த இடம் என்பதும் அதே அளவு முக்கியமானது. ஆர்க்டிக்கில் ஆய்வாளர்கள் எதிரொலிமானி கொண்டு ஏரியின் ஆழப்படத்தை வரைந்து, ஆற்றுவாயிலிருந்து விலகிய, சரிவில்லாத ஆழமான தட்டைப் பகுதியைத் தேர்கின்றனர். இங்கே ஒரு வள்ளமும் அளவிட்ட கயிற்றில் கட்டிய ஈயக்குண்டும் போதும். கட்டுக்கு மிக அருகில் உள்ள பகுதியைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் கட்டுக்கு மண் எடுத்த குழிகள் அங்கே இருக்கும். நீரை வெளியே விடும் மதகான துருசுக்கு முன்னுள்ள பகுதியில் நீரோட்டம் சேற்றை இழுத்துவிடும். அலைகரை ஒவ்வோர் ஆண்டும் வெளியே தெரிவதால் அதுவும் உதவாது. கடைசியாக வற்றும் நடுப்பள்ளமே சிறந்தது. அது எது என்பதை அந்தக் குளத்தில் மீன்பிடிப்பவர் எந்தப் படத்தையும்விடத் துல்லியமாகச் சொல்வார்.

குளங்களைவிடப் பழைய பதிவு வேண்டுமானால் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளை நினைக்கலாம். பனியுகம் முடிந்து உயர்ந்த கடல்மட்டம் ஏறத்தாழ 7000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை அண்மித்ததால், அங்குள்ள அடையல் அக்காலம் வரை செல்லக்கூடும். ஆனால் களப்பின் உவர்த்தன்மை மழையால் மட்டுமன்றி, மணற்திட்டு முகத்துவாரத்தை அடைப்பதாலும் திறப்பதாலும் மாறும் என்பதை மறக்கக்கூடாது.

அனுமதியும் பாதுகாப்பும் இடத்தெரிவின் பகுதிதான். பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தையும், சிறிய குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும், எந்தக் குளமானாலும் அதன் கமக்காரர் அமைப்பையும் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். தொல்பொருள் எச்சங்கள் தெரியும் இடத்தில் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு குழியும் தோண்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணிவெடி அகற்றப்பட்டதாகச் சான்று பெறாத நிலத்திலும், வெடிபொருள்கள் வீசப்பட்டிருக்கலாம் என்று ஊரவர் சொல்லும் நீர்நிலையிலும் குழாயை இறக்கவே கூடாது. சேற்றுக்குள் இரும்புக் குழாயை அறைந்து இறக்கும் வேலை இது. எந்த அறிவியல் ஆதாயமும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது. முதலை உள்ள குளங்களில் நீரில் இறங்கி நிற்பதும் தவிர்க்கப்பட வேண்டும்.

தண்டு எடுத்தல்

குழாயை அடையலுக்குள் இறக்கி, படைகள் குலையாமல் உருளையாக எடுக்கும் மண்ணையே தண்டு என்கிறோம். ஆர்க்டிக்கில் சித்திரை, வைகாசி மாதங்களில், ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் தடித்த பனிக்கட்டியில் துளையிட்டு அதனூடாகக் குழாயை இறக்குகின்றனர். ஆடாத அசையாத மேடை இயற்கையாகவே கிடைத்துவிடுகிறது. நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. நீர் உள்ள காலத்தில் இரு வள்ளங்களைப் பலகைகளால் இணைத்து, நான்கு மூலையிலும் நங்கூரமிட்டு, நடுவிலுள்ள இடைவெளியால் குழாயை இறக்கலாம். வரட்சியில் குளம் முற்றாக வற்றும் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடுப்பள்ளத்தில் நேர்த்தியான சுவருடைய குழியொன்றை வெட்டி, அந்தச் சுவரில் நீள்சதுரத் தகரப் பெட்டியை அழுத்தி, மண்ணைத் தொடர்ச்சியாக வெட்டியெடுக்கலாம். இரண்டாவது வழியில் மண்படைகளை அகலமாகக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால் பழகுநருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். குழி ஒரு மீற்றரைத் தாண்டினால் சுவர் சரியாதபடி படிக்கட்டுப் போல வெட்ட வேண்டும்.

நீரினூடாக எடுப்பதானால், மேற்சேறு மிகத் தளர்வானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஊடுகாட்டும் பொலிகாபனேற் குழாயை மெதுவாக இறக்கி, சேற்றின்மேல் ஒரு சாண் நீராவது கலங்காமல் நிற்கும்படி எடுப்பதே வெற்றி. மேல்நீர் கலங்கியிருந்தால் அந்தத் தண்டைக் கைவிட்டு இன்னொன்று எடுக்க வேண்டும். ஆழமான பகுதிக்கு முசலம் (குழாயினுள் இறுக்கமாகப் பொருந்தும் அடைப்பான்) பொருத்திய குழாய் வேண்டும். முசலம் சேற்றின் மட்டத்தில் அசையாமல் நிற்க, குழாய் மட்டும் கீழிறங்குவதால் சேறு அமுங்காமல் உள்ளே ஏறுகிறது. ஒரு தடவையில் ஒரு மீற்றர் அளவே கிடைப்பதாலும் இணைப்பிடங்களில் மண் சிதைவதாலும், அருகே இரண்டாவது துளையிட்டு அரை மீற்றர் தள்ளித் தொடங்க வேண்டும். இவ்வாறு முதல் துளையின் இடைவெளிகளை இரண்டாவது மூடும்.

ஒவ்வொரு குழாயிலும் மேல்முனை எது, கீழ்முனை எது என்று அழியாத மையால் இரு இடங்களில் எழுத வேண்டும். திகதி, ஜிபிஎஸ் அமைவிடம், நீராழம், சேற்றின் மேற்பரப்பிலிருந்து தொடங்கிய ஆழம் ஆகியன குறிப்பேட்டிலும் குழாயிலும் ஒத்திருக்க வேண்டும். இந்த மண்ணின் வெயிலில் குழாய் சில மணி நேரத்தில் சூடேறி வாயுக் குமிழிகள் படைகளைக் கிழித்துவிடும். ஆகவே நிழலில் நிமிர்த்தி வைத்து, ஈரச்சாக்கால் மூடி, அன்றே 4 பாகை செல்சியஸ் குளிரூட்டிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். உறையவிடக்கூடாது.

ஆய்வுகூடத்தில் தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொடாமல் காப்பகப் பாதியாக ஒதுக்கிவிட வேண்டும். பிளந்த சில நிமிடங்களிலேயே காற்றுப்பட்டு இரும்பு துருவேறி நிறம் மாறும் என்பதால் அளவுகோலுடன் உடனே படம் எடுக்க வேண்டும். பின்னர் நிறம், துகளின் பருமன், வேர், சிப்பி, கரி, எல்லைகள் கூர்மையானவையா மங்கியவையா என்பவற்றைச் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக எழுத வேண்டும். வன்னிக் குளத்தில் இங்கே இரண்டு அடையாளங்களைக் குறிப்பாகத் தேட வேண்டும். ஒன்று, வெடிப்புகளில் மேல்மண் விழுந்து நிரம்பிய ஆப்பு வடிவங்களும் துருப்புள்ளிகளும்; அவை குளம் வற்றிய காலத்தைக் காட்டும். மற்றையது, சாம்பல்நிறக் குளக்களிக்கு அடியில் தெரியும் பழைய நிலமண்; குளம் கட்டப்படுமுன் இருந்த தரை அதுவே. அந்த எல்லைக்குக் கீழேயுள்ளதைக் குளத்தின் பதிவாக வாசிப்பது பெரும் பிழையாகும்.

காலத்தைக் கணித்தல்

பணமும் பொறுமையும் எங்கே செலவாக வேண்டும் என்று என்னைக் கேட்டால், காலக்கணிப்பில் என்றே சொல்வேன். காலம் தெரியாத மகரந்தமும் டயட்டம் என்னும் நுண்பாசி ஓடும் வெறும் பட்டியல்தான்.

கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஈயம்-210 பயன்படும். வளிமண்டலத்திலிருந்து இடையறாது விழும் இந்தக் கதிரியக்கச் சமதானியின் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் அளவு பாதியாகத் தேயும் காலம், 22.3 ஆண்டுகள்; ஏழு அரைவாழ்வுகள், அதாவது ஏறத்தாழ 156 ஆண்டுகள் கழிந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சும். ஆர்க்டிக்கில் இதன் வரத்து குறைவு என்பதால் அளவீடு கடினம். நமது குளங்களிலோ அடிமண் வெயிலில் கிடக்கும் காலங்களும் தூர்வாரலும் கணக்கைக் குழப்பும். எனவே தனியே இதை நம்பாமல் சீசியம்-137ஐயும் அளக்க வேண்டும். அணுகுண்டுப் பரிசோதனைகளின் வீழ்படிவான அது வட அரைக்கோளத்தில் 1963ஆம் ஆண்டளவில் உச்சத்தை அடைந்தது. அந்த உச்சம், கற்பனையாக ஒரு தண்டில், 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்து, தண்டு 2023இல் எடுக்கப்பட்டிருந்தால், 60 ஆண்டுகளில் 30 சென்ரிமீற்றர், அதாவது ஆண்டுக்கு 5 மில்லிமீற்றர் படிந்திருக்கிறது. கீழே போகப்போகச் சேறு அமுங்குவதால் அதே வேகத்தை ஆழத்துக்கு நீட்டிச் செல்லக்கூடாது. உலர்ந்த நிறையைக் கொண்டு கணக்கிடுவதே முறை.

அதற்கு முந்திய காலத்துக்குக் காபன்-14. அரைவாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள்; ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரை செல்லலாம். இங்கே எதை அனுப்புகிறோம் என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. ஆர்க்டிக் ஏரிகளில், நிரந்தர உறைநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பழைய தாவரக் காபன் கழுவப்பட்டு ஏரிக்குள் வருவதால், சேற்றை மொத்தமாக அளந்தால் விடை உண்மையைவிடப் பழையதாகிவிடும். வன்னியின் உட்பகுதி தொன்மையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. வடக்கிலும் மேற்குக் கரையோரத்திலும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சுண்ணாம்பு கரைந்த நீரில் மூழ்கி வளர்ந்த நீர்த்தாவரங்களும் நத்தை ஓடுகளும் அதே வகைப் பிழையைத் தரும். ஆகவே அரித்தெடுத்து, தரையில் வளர்ந்த மரத்தின் இலை, விதை, சிறு குச்சி ஆகியவற்றையே தெரிந்தெடுக்க வேண்டும். பாலை, முதிரை போன்ற நீண்டநாள் வாழும் மரங்களின் உள்வயிரக் கரி கிடைத்தால் அது நூற்றாண்டுகள் முந்தியதாக இருக்கக்கூடும் என்பதால் சிறு சுள்ளியும் விதையுமே மேலானவை. ஆய்வுகூடம் தரும் காபன் ஆண்டை இன்ட்கல்20 போன்ற அளவுதிருத்த வளைகோட்டினூடாக நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும்.

மணல் கலந்த படைகளுக்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு மிகப் பொருந்தும். படிகக்கல் (குவார்ட்ஸ்) மணி கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை இது அளக்கிறது. அநுராதபுரத்தைச் சூழ்ந்த பழைய குளங்களில் இம்முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது. குழிச்சுவரில் ஒளிபுகா உருக்குக் குழாயை அறைந்து, முனைகளைக் கருந்துணியும் மூடியும் கொண்டு அடைத்து, இருட்டிலேயே அனுப்ப வேண்டும். வெளிச்சம் பட்டால் மாதிரி பயனற்றது.

கிடைத்த எல்லாக் காலங்களையும் சேர்த்து, ஆழத்துக்கு எதிரான கால வளைகோட்டை அதன் நிச்சயமின்மை எல்லைகளுடன் வரைய வேண்டும். ஆர் (R) என்னும் புள்ளிவிபர மென்பொருளில் இயங்கும் பேக்கன் என்னும் இலவசச் செயலி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. வன்னிக்கு மேலும் ஒரு துணை உண்டு. 1964 டிசம்பர்ப் புயல், 2008இன் நிஷா புயல் மழை, 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளம் ஆகியவை குளங்களில் மணற்படைகளாகவும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் களப்புகளில் கடல்மணலாகவும் பதிந்திருக்க வாய்ப்புண்டு. எந்தக் குளம் எந்த ஆண்டு உடைத்தது, எப்போது நிரம்பி வான் பாய்ந்தது என்பதை ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது ஆய்வின் பகுதியே. அதை ஓர் அலங்காரமாக நினைக்கக்கூடாது.

சான்றுகளை வாசித்தல்

எளிய கருவிகளுடன் தொடங்க வேண்டுமானால் எரிப்பிழப்பு முறை. மாதிரியை 105 பாகை செல்சியஸில் ஓரிரவு உலர்த்தி நிறுத்து, 550 பாகையில் நான்கு மணி நேரம் எரித்து நிறுத்து, 950 பாகையில் இரண்டு மணி நேரம் எரித்து மீண்டும் நிறுக்க வேண்டும். முதல் இழப்பு சேதனப் பொருள். இரண்டாவது, காபனேற்றிலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டு. உலர்நிறை 2.000 கிராம், 550 பாகைக்குப் பின் 1.760, 950 பாகைக்குப் பின் 1.716 என்று வைத்துக்கொண்டால், சேதனப் பொருள் 12 வீதம். இரண்டாவது இழப்பான 0.044 கிராமை 2.27ஆல் பெருக்கினால் கல்சியம் காபனேற்று ஏறத்தாழ 0.100 கிராம், அதாவது 5 வீதம். களிமண்ணில் கட்டுண்ட நீரும் 550 பாகையில் வெளியேறும் என்பதால், களி மிகுந்த நமது குளங்களில் சேதன அளவு சற்று மிகைப்படும்.

அந்த 12 வீதத்தின் பொருள் என்ன என்பதில்தான் ஆர்க்டிக்கும் வன்னியும் பிரிகின்றன. அங்கே சேதனப் பொருள் கூடினால், பனி நீங்கிய காலம் நீண்டு ஏரியில் உயிர் செழித்தது என்று பெரும்பாலும் கொள்வர். இங்கே அது நீர் தாழ்ந்து சம்பும் கோரையும் மண்டிய குளத்தையும் குறிக்கலாம், நீர் நிறைந்து அடிமண் காற்றுப்படாமல் காக்கப்பட்ட குளத்தையும் குறிக்கலாம். வெடிப்புகளும் துருப்புள்ளிகளும் அதே ஆழத்தில் உள்ளனவா என்று பார்த்தே முடிவு சொல்ல முடியும். பருமணலின் கதையும் அவ்வாறே. பனியாற்று நீர் சேரும் ஆர்க்டிக் ஏரியில் தடித்த படை மிகுந்த உருகலைச் சொல்லும். நமது குளத்தில் மணற்படை பெருவெள்ளமாகவும் இருக்கலாம், மேட்டில் காடு வெட்டியதன் விளைவாகவும் இருக்கலாம். அதே படையில் கரித்துகளும் புல் மகரந்தமும் கூடியிருந்தால் சேனையை முதலில் சந்தேகிக்க வேண்டும். அவை மாறாமல் மணல் மட்டும் திடீரென வந்து மறைந்திருந்தால் புயல் மழையை நினைக்கலாம்.

டயட்டம் என்னும் சிலிக்கா ஓட்டு நுண்பாசிகள் இரு நிலத்துக்கும் பொதுவான அரிய சான்று. மாதிரியை 30 வீத ஐதரசன் பேரொட்சைட்டில் சூடாக்கிச் சேதனப் பொருளை நீக்கி, கண்ணாடித் தகட்டில் பதித்து, ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் 300 முதல் 400 ஓடுகளையேனும் இனம்பிரித்து எண்ண வேண்டும். ஆர்க்டிக் ஏரிகள் பலவற்றில் கடந்த ஏறத்தாழ 150 ஆண்டுகளில் அடியில் ஒட்டிவாழும் ஃபிராஜிலாரியா வகைகள் குறைந்து, திறந்த நீரில் மிதக்கும் சைக்ளோடெல்லா வகைகள் பெருகியமை பனிமூடல் குறைந்ததைக் காட்டியது. இதே ஒட்டிவாழ்வன, மிதப்பன என்ற பிரிவு நமது குளத்தில் நீராழத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். களப்பில் நன்னீர், உவர்நீர் இனங்களின் விகிதம் உவர்த்தன்மையைக் காட்டும். ஆர்க்டிக்கில் வற்றிய நீர்நிலைகளும் உண்டு. எல்லெஸ்மியர் தீவின் கேப் ஹெர்ஷலில் 1983 முதல் கண்காணிக்கப்பட்ட சிறு குட்டைகளுள் சில 2006 கோடையில் முற்றாக வற்றிப்போயின. ஆவியாதல் மிகுந்ததே காரணம். வற்றும் நீர்நிலையை வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர்கள் நமக்கும் அவர்களுக்கும் இனிப் பொதுவாகத் தேவைப்படுகின்றனர்.

ஆர்க்டிக்கில் கோடை வெப்பத்தை நேரடியாக எண்ணாகத் தருவது, கடிக்காத கைரோனோமிட் ஈக்களின் குடம்பித் தலைக்கூடுகள். ஒவ்வோர் இனமும் விரும்பும் யூலை வெப்பநிலை வேறு என்பதால், பல ஏரிகளின் இன்றைய இனங்களையும் வெப்பத்தையும் ஒப்பிட்டுப் பெற்ற சமன்பாட்டின் மூலம் பழைய வெப்பம் ஓரிரு பாகைப் பிழையுடன் கணிக்கப்படுகிறது. இலங்கைத் தாழ்நிலத்தில் ஆண்டு முழுவதும் வெப்பம் சிறிதளவே மாறுகிறது. ஆகவே அந்தச் சமன்பாட்டை இங்கே கொண்டுவந்து பொருத்தக்கூடாது.

மகரந்தத்தில் ஓர் எச்சரிக்கை போதும். நெல்லின் மகரந்தத்தைக் காட்டுப் புல்லின் மகரந்தத்திலிருந்து ஒளி நுணுக்குக்காட்டியில் பிரிப்பது மிகக் கடினம். நெல்லின் உமியிலும் இலையிலும் உருவாகும் சிலிக்காத் துணுக்குகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் வயல் இருந்ததா என்று உறுதியாகச் சொல்லலாம். வயல் இருந்து, குளத்தில் நீரும் நிறைந்திருந்தால் அது ஒரு நிலை. வயல் நின்றுபோயும் டயட்டங்கள் ஆழ்நீரைக் காட்டினால் மக்கள் வெளியேறியதற்குக் காரணம் வரட்சி அல்ல என்றாகிறது. வன்னியின் கைவிடப்பட்ட குளங்கள் பற்றிய பழைய விவாதங்களுக்கு இத்தகைய சான்று மிகவும் வேண்டியிருக்கிறது.

ஒரு தண்டை நம்பிப் பிரதேசத்தின் காலநிலையை எழுதக்கூடாது. 2009இல் வெளியான ஆர்க்டிக் ஆய்வொன்று ஏரி அடையல்கள், பனிக்கட்டித் தண்டுகள், மர வளையங்கள் ஆகிய 23 பதிவுகளை ஒன்றிணைத்த பின்னரே, இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.2 பாகை என்ற வேகத்தில் குளிர்ந்துவந்த ஆர்க்டிக் 20ஆம் நூற்றாண்டில் திசை மாறி வெப்பமடைந்தது என்று கூறியது. தனியொரு ஏரியில் அந்த மெல்லிய சரிவு கண்ணுக்குத் தெரியாது. வன்னியிலும் குறைந்தது மூன்று குளங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தண்டுகள் என்று திட்டமிட்டு, வெவ்வேறு நீரேந்து பரப்புகளில் ஒரே காலத்தில் தெரியும் மாற்றத்தை மட்டும் மழையின் மாற்றமாக முன்வைக்கலாம். ஒரு குளத்தில் மட்டும் தெரிவது பெரும்பாலும் அந்தக் குளத்துக் கட்டின் கதை.

முடிவுகளை எழுதும்போது ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஆழம், கணித்த காலம், அந்தக் காலத்தின் பிழை எல்லை ஆகிய மூன்றும் அட்டவணையில் இருக்க வேண்டும். காலக்கணிப்பைப் பின்னர் வருபவர் திருத்தினாலும் ஆழம் மாறாது. காப்பகப் பாதியைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப்புகாமல் சுற்றி, குளத்தின் பெயர், கமநல சேவைப் பிரிவு, எடுத்த திகதி ஆகியவற்றுடன் பல்கலைக்கழகக் குளிரூட்டியில் ஒப்படைக்க வேண்டும். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஒன்று, படங்களுடன், அந்தக் குளத்தின் கமக்காரர் அமைப்புக்குக் கொடுக்கப்பட வேண்டும். அடுத்த முறை தூர்வாரும் இயந்திரம் வருமுன் எந்தப் பகுதியைத் தொடாமல் விடலாம் என்று அவர்களோடு பேசி முடிவுசெய்வதற்கும் அதுவே வழி.